ஐஸ் அறைக் கதவடியில் நீ வைத்த பொத்தான்

மின்னல் அடித்த மறுநாள் காலை கட்டுப்பாட்டறைக் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. உருகிய பிளாஸ்டிக்கும் எரிந்த வார்னிஷும் கலந்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் மணம். ஏதோ ஒரு பெட்டி போய்விட்டது என்று விளக்கைப் போடாமலே தெரிந்தது. உள்ளே கால் வைக்காமல் வாசலிலேயே நின்றேன். "எடி, வந்து பாரடி" என்று உன்னைக் கூப்பிட வாயெடுத்தும் விட்டேன்.

நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. இன்னும் அந்த வாய்க்கு அது தெரியவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும். வேறு யாருக்குச் சொன்னாலும், "அதுதான் ஒண்டும் நடக்கேல்லையே, பிறகென்ன?" என்பார்கள். ஒன்றும் நடக்காத ஒரு காலை எவ்வளவு பயங்கரமாக இருக்கக்கூடும் என்று நீ அறிவாய்.

என் பயத்தை நீ முதலில் கண்டது தொழில்நுட்பக் கல்லூரியில். மின்னியல் வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். நான் புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். தோட்டக்கார வீட்டுப் பிள்ளை, வெங்காயப் பாத்தியும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் தவிர வேறொன்றும் தெரியாதவள். நீ வடமராட்சிக் கரையிலிருந்து வந்தாய். உன் அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். முதல் செய்முறை வகுப்பில் சுவிட்சைப் போடச் சொன்னபோது நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன். பையன்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து உன் கைக்கு மேலே வைத்து, இரண்டு கையாலும் சேர்த்துப் போட்டாய். "பயப்பிடுறது நல்லது. ஆனால் கண்ணை மூடாதை" என்றாய். யுத்தத்துக்குள் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு இடி வெறும் இடியாக இருந்ததில்லை. திடீரென்று எது சத்தம் போட்டாலும் என் உடம்பு சுருங்கிவிடும். உன் உடம்பு ஏன் அப்படிச் சுருங்கவில்லை என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நீயும் அதே வருஷங்களுக்குள்ளால்தான் வந்தாய்.

ஐஸ் தொழிற்சாலையில் நீதான் முதலில் வேலைக்குச் சேர்ந்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய். காலையில் நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்குவேன். நீ ஸ்கூட்டரை நிறுத்தாமலே மெதுவாக்குவாய், நான் ஓடிவந்து ஏறவேண்டும். கடல் காற்று முகத்தில் பட்டதும் நீ விசிலடிக்கத் தொடங்குவாய். மூக்குத்தி தவிர உடம்பில் ஒரு நகையும் இல்லை. கரண்ட் வேலைக்காரிக்கு எதற்குக் காப்பு என்று அம்மாவோடு சண்டை பிடித்ததாகச் சொன்னாய்.

அந்தத் தொழிற்சாலையை நீயில்லாமல் என்னால் நினைக்க முடியவில்லை. மேல்தட்டில் ஐஸ் இயந்திரம். அது செதில் செதிலாகச் சுரண்டி விடும் ஐஸ், கீழே உள்ள பெரிய அறைக்குள் கொட்டிக் குவியும். அறையின் அடியில், நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் அந்த இரும்புச் சுருள். இறைச்சி அரைக்கும் இயந்திரத்துக்குள் இருக்குமே, அதே வடிவம், ஆனால் ஆள் ஒருவரின் தொடையை விடத் தடிப்பு. அது சுழன்று ஐஸை முற்றத்துக்குத் தள்ளும். அங்கே படகுக்காரர் பெட்டிகளோடு வரிசையில் நிற்பார்கள். சுருள் நின்றால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாவிட்டால் படகு கடலுக்கு இறங்காது, இறங்கிய படகின் மீன் கரைக்கு வந்து நாறும்.

சுருளின் மோட்டாரை ஓட்டுவது சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி. நாங்கள் ட்ரைவ் என்போம். ஒவ்வொரு மோட்டாருக்கும் பம்பிக்கும் அப்படி ஒன்று. எல்லாம் ஒரே கேபிளில் மணி கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து, கட்டுப்பாட்டறையில் இருக்கும் தலைமைக் கருவியோடு பேசும். அந்தத் தலைமைக் கருவி ஒவ்வொரு பெட்டியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பெட்டி பழுதாகி நாங்கள் புதியதை மாட்டினால், புதியதற்குப் பெயர் இருக்காது. பெயர் இல்லாததோடு தலைமைக் கருவி பேசாது. லப்டொப்பைக் கொண்டுவந்து, பெயரையும் மற்ற அளவுகளையும் ஒவ்வொன்றாக அடித்துக் கொடுக்கவேண்டும். அதற்கான லப்டொப் கொழும்பில் ஒரு பொறியியலாளரின் பையில் இருந்தது. அவர் வரும்வரை நாங்கள் படகுக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். உன் பெரியண்ணை ஒருநாள் வெறும் பெட்டிகளோடு திரும்பிப் போனதை நீ கட்டுப்பாட்டறை ஜன்னலால் பார்த்தாய். அன்றைக்கு நீ மத்தியானம் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வேலையில் இறங்கினாய். கருவியின் விளக்கப் புத்தகத்தில் யாரும் திருப்பாத பக்கங்களைப் படித்தாய். கொழும்புப் பொறியியலாளரைத் தொலைபேசியில் விடாமல் பிடித்து, கடைசியில் அவரும் உற்சாகமாகி வந்து உன்னோடு உட்கார்ந்தார். நீ எனக்கு அதை விளக்கிய விதம் இப்போதும் காதில் இருக்கிறது. "ஒவ்வொரு பெட்டிக்கும் தன்ரை பக்கத்து வீட்டுக்காரர் ஆரெண்டு தெரியுமடி. இந்தப் பக்கம் உப்புத்தண்ணிப் பம்பி, அந்தப் பக்கம் மேல்தட்டு மோட்டர். நடுவிலை பேரில்லாத ஒருத்தன் புதுசா வந்து இருந்தால், அவன் சுருளாத்தான் இருக்கவேணும். தலைமைக் கருவி அயலை விசாரிச்சுப்போட்டுப் பேரைக் குடுத்திடும். மிச்ச அளவெல்லாம் தானா இறங்கும். லப்டொப்பும் வேண்டாம், கொழும்பும் வேண்டாம்."

"பேர் வந்தாப்பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன, ஓடும்."

"தானாவோ?"

"ஓமடி. தானா."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. யாரும் கைவைக்காமல் ஒரு இரும்பு தான் யாரென்று தெரிந்துகொண்டு எழும்புவது என்பதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் அதைச் சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "உனக்குக் கிறைண்டரைக் கண்டாலும் பயம்" என்றாய். அதுவும் உண்மைதான்.

முதல் தடவை அது வேலை செய்த நாள் ஊர்த் திருவிழாபோல இருந்தது. உப்புநீர்ப் பம்பியின் ட்ரைவ் போனது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக் கேபிளைச் செருகினாய். சிவப்பு விளக்கு, பிறகு மினுக்கல், பிறகு பச்சை. பம்பி ஓடத் தொடங்கியது. நீ திரும்பி என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாய். மந்திரவாதி கையை விரிப்பதுபோல.

பிறகு அந்தக் காலை வந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருபோதும் முழுதாகக் கதைத்ததில்லை. இப்போது கதைக்கிறேன், பொறுத்துக்கொள்.

சுருளின் ட்ரைவ் அன்றைக்குப் போனது. முற்றம் நிறையப் படகுக்காரர். செய்யவேண்டிய முறைப்படியே எல்லாம் செய்தாய். பிரதான சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட்டாய், பெட்டியை மாற்றினாய், கேபிளைச் செருகினாய், பூட்டைக் கழற்றினாய், சுவிட்சைப் போட்டாய். நான் உன் பக்கத்தில் நின்றேன். சிவப்பு, மினுக்கல், பச்சை. சுவருக்கு அப்பால் சுருள் உறுமத் தொடங்கியது. அந்த உறுமல் நடுவில் ஒருதரம் உடைந்தது. கரகரவென்று, இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம்.

நான்தான் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை அடித்தேன். அடித்தது கை, நான் அல்ல. அது எப்படி அங்கே போனதென்று எனக்குத் தெரியாது.

ஐஸ் அறைக் கதவால் செல்வம் அண்ணை வெளியே வந்தார். ஐஸ் அள்ளும் வேலைக்காரர், எங்கள் இருவரையும் விட வயதில் மூத்தவர், எல்லோரையும் பகிடி பண்ணுகிறவர். ஒரு காலில் றப்பர் சப்பாத்து இருந்தது, மற்றக் காலில் இல்லை. சுருள் முதலில் அவர் ஐஸ் அள்ளும் சவளைக் கவ்வியிருக்கிறது, பிறகு சப்பாத்தை. சவள் சிக்கியதால் கிடைத்த இமைப்பொழுதில் காலை உருவிவிட்டார். ஒரு கீறல்கூட இல்லை. அவர் சிரித்தார். "சப்பாத்தைத் திண்டுபோட்டுது" என்றார். சிரித்தபடியே நிலத்தில் உட்கார்ந்தார். அந்த வெறுங்கால் நடுங்கத் தொடங்கியது. அவர் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தார். அது நிற்கவேயில்லை.

நீதான் கேட்டாய். "ஏன் அண்ணை உள்ளுக்கை போனனீங்கள்? நாங்கள் மாத்திறது தெரியுந்தானே?"

"தெரியும் பிள்ளை. பெட்டி மாத்தினால் பிறகு லப்டொப் வந்து, தட்டி, முடியக் கனநேரம் செல்லுமெல்லே. இவ்வளவு நாளும் அப்பிடித்தானே. அதுக்குள்ளை இறுகின ஐஸை உடைச்சிடலாமெண்டு போனனான்."

உன் முகம் வெளுத்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்டேன். எங்களுக்கு ஒரே சமயத்தில் விளங்கியது. நாங்கள் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த அந்தக் காத்திருப்பு, லப்டொப் வரும்வரை, பெயர் அடிக்கும்வரை சும்மா கிடந்த நேரம், உள்ளே நிற்பவர்கள் வெளியே வருவதற்கான நேரமாகவும் இருந்திருக்கிறது. யாரும் அதை அப்படி நினைத்து வைக்கவில்லை. அது தானாக அங்கே இருந்தது. நீ அதை எடுத்துவிட்டாய். எடுத்ததில் பிழையும் இல்லை. ஆனால் அது நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும்போது நீ விசிலடிக்கவில்லை. நெல்லியடியில் என்னை இறக்கிவிட்டு, ஸ்கூட்டரின் இயந்திரத்தை நிறுத்தினாய். ஒருநாளும் நிறுத்தாதவள்.

"எனக்குப் பயம் வரேல்லையடி," என்றாய். "சுவிட்சைப் போடேக்கை ஒரு துளியும் வரேல்லை. உனக்கு வந்ததே?"

"எனக்கு எப்பவும் வரும்."

"அதுதான். எனக்கு வரேல்லை. அதை நினைக்கத்தான் இப்ப பயமா இருக்குது."

அடுத்த வாரமே அந்தப் பொத்தான் வந்தது. ஐஸ் அறைக் கதவுக்குப் பக்கத்தில், உள்ளே எட்டிப் பார்க்காமல் கை எட்டாத இடத்தில், மஞ்சள் தகட்டில் நீல நிறத்தில் ஒன்று. பெட்டி தானாகப் பெயர் எடுக்கலாம், அளவுகள் தானாக இறங்கலாம், பச்சை விளக்கும் வரலாம். ஆனால் ஒரு ஆள் நடந்து போய், அறைக்குள் பார்த்து, அதை அமத்தும்வரை சுருள் அசையாது. பெட்டி மாற்றினால் மட்டுமல்ல, கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான். முகாமையாளராக இருந்த வயதானவர் முணுமுணுத்தார். "தானா ஓடுமெண்டு சொன்னதும் நீர்தான், இப்ப நடந்து போய் அமத்தச் சொல்லுறதும் நீர்தான்." நீ குரலை உயர்த்தாமல் சொன்னாய்: "பேரை அயலிட்டைக் கேக்கலாம் சேர். உள்ளுக்கை ஆர் நிக்கினமெண்டு அயலுக்குத் தெரியாது." செல்வம் அண்ணை பிறகு ஐஸ் அறைக்குள் போகவேயில்லை. முற்றத்தில் ஐஸ் நிறுக்கும் நிறுவை வேலைக்கு மாறிவிட்டார். பகிடி மட்டும் குறையவில்லை.

உன் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலாகத்தான் தொடங்கியது. மாரிகாலம், ஊர் முழுக்க டெங்கு. நீ வேலைக்கும் வந்தாய், நான் பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். சில நாட்களில் ஆசுபத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தொழிற்சாலையைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை முதலில் பயப்படுத்தியது. என் விரலைப் பிடித்துக்கொண்டு, "எடி, பயமா இருக்குது" என்றாய்.

"என்னத்துக்கு?"

"தெரியேல்லை. சும்மா."

"ஒண்டுமில்லையடி. நான் நிக்கிறன்."

"ஓம். நில்."

நான் நின்றேன். பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே போகச் சொன்னபிறகும் படியடியில் நின்றேன். வாழ்நாள் முழுக்க பயத்தோடு இருந்து பழகியவள் நான். நீ பழகாதவள். அது உன்னிடம் வந்த நேரத்தில் அதை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று உனக்குக் காட்டித் தந்திருக்கலாம். நான் காட்டவில்லை. மறுநாள் உன் அம்மாவின் அழுகுரலைத் தொலைபேசியில் கேட்டேன்.

இனி இந்த மாதத்துக்கு வருகிறேன்.

இப்போதைய முகாமையாளர் இளவயதுக்காரர். நல்ல பிள்ளை. என்னை அக்கா என்பார். வந்து அதிக நாளில்லை, செல்வம் அண்ணையின் சப்பாத்துக் கதை அவருக்குத் தெரியாது. ஐப்பசி இடிமழை தொடங்கியதும் கரண்ட் நிமிஷத்துக்கு நிமிஷம் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது நனைந்துகொண்டு முற்றத்தைக் கடந்து போய்ப் பொத்தானை அமத்தவேண்டும். படகுக்காரர் ஏசினார்கள். வேலைக்காரரும் ஏசினார்கள். உண்மையைச் சொன்னால் நானும் மனதுக்குள் ஏசினேன்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, ட்ரைவை மாத்தினாலே அது தன்ரை பேரைத் தானா எடுக்குது. அவ்வளவு புத்தியுள்ள சாமானுக்கு ஏன் பொத்தான்? புரோகிராமிலை உந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கோ."

"அது பாதுகாப்புக்கு வைச்சது, சேர்."

"கதவிலை அறிவிப்புப் பலகை இருக்குது. எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும். இந்தக் கிழமைக்குள்ளை செய்துதாங்கோ."

நான் "ஓம்" என்றும் சொல்லவில்லை, "ஏலாது" என்றும் சொல்லவில்லை. உன் இடத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். உன் கதிரை, உன் மேசை, நீ பிறகு கேட்டு வாங்கிய லப்டொப். வாய் மட்டும் என்னுடையதாகவே இருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. எடுத்தால் என்ன நடக்கும் என்றும் பயம், எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்றும் பயம். பஸ்ஸில் இருக்கும்போது வலது கால் தானாக உதறும். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "பிள்ளைக்குக் குளிரோ?" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்த மின்னல் வந்தது. மறுநாள் காலை கருகிக் கிடந்தது சுருளின் ட்ரைவ்தான்.

வானம் வெளித்திருந்தது. கடல் அடங்கியிருந்தது. எல்லாப் படகும் இறங்கத் தயாராக நின்றதால் முற்றத்தில் நிற்க இடமில்லை. சுவிட்சை நிறுத்திப் பூட்டினேன். கருகியதைக் கழற்றினேன், களஞ்சியத்திலிருந்து புதியதை எடுத்து மாட்டினேன். கேபிள் நுனி இரண்டையும் பழையபடி இடம் மாறாமல் செருகினேன். பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். சிவப்பு. மினுக்கல். முகாமையாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுவது கேட்டது. பச்சை வந்தது.

"பாத்தியளே," என்றார் சந்தோஷமாக. "தானா வந்திட்டுது. போய் அமத்துங்கோ அக்கா, கெதியா."

முற்றத்தைக் கடந்து நடந்தேன். படகுக்காரர் வழிவிட்டார்கள். "வந்திட்டா, வந்திட்டா" என்று ஒருவர் கைதட்டினார். ஐஸ் அறைக் கதவைத் திறந்தேன். இரவு முழுக்க மேலிருந்து ஐஸ் கொட்டியிருக்கிறது, கீழே சுருள் இழுக்கவில்லை. குவியல் கூரைக்குக் கிட்ட ஏறி நின்றது. வெளிக்காற்று பட்டதும் உள்ளே பனிப்புகார் வெள்ளையாக எழும்பி எல்லாவற்றையும் மூடியது. குவியலுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை.

"ஆராவது நிக்கிறியளே?" என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. உள்ளே வேலை செய்கிறவர்கள் குளிருக்குக் காதை மூடித் துவாய் கட்டுவார்கள். பதில் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. என் விரல் பொத்தானுக்குக் கிட்டப் போனது. போய் அங்கேயே நின்றது.

"என்னக்கா?" முகாமையாளர் பின்னால் வந்துவிட்டார்.

"உள்ளுக்கை வடிவாத் தெரியேல்லை, சேர். போய்ப் பாத்திட்டு வாறன்."

"ஒருத்தரும் இல்லையக்கா. நான் சொல்லுறன். அங்கை பாருங்கோ, எவ்வளவு பேர் நிக்கினம்."

"நீங்கள் எண்ணிப் பாத்தனீங்களே?"

அவரிடம் அப்படிக் கேட்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. நான் திரும்பிக் கட்டுப்பாட்டறைக்கு நடந்தேன். சுவிட்சை மறுபடி நிறுத்தினேன், பூட்டினேன். அவர் கூடவே வந்து பார்த்துக்கொண்டு நின்றார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். திரும்ப முற்றத்தைக் கடந்தபோது யாரும் கைதட்டவில்லை. ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார்.

"சேர், நீங்கள் இந்தப் பொத்தானடியிலை நில்லுங்கோ," என்றேன். "நான் வெளியாலை வருமட்டும் ஒருத்தரையும் கைவைக்க விடாதேங்கோ. முந்தி ஒருக்கா செல்வம் அண்ணை உள்ளுக்கை நிக்கேக்கை இது ஓடினது. அவரின்ரை சப்பாத்தை இழுத்தது. அதாலைதான் இந்தப் பொத்தான்."

அவர் நிறுவைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். செல்வம் அண்ணை ஓமென்று தலையை ஆட்டினார். பகிடி ஒன்றும் விடவில்லை.

நான் உள்ளே போனேன்.

செல்வம் அண்ணையின் சப்பாத்துப் போன நாளுக்குப் பிறகு ஐஸ் அறைக்குள் நான் போனதேயில்லை என்பது உனக்குத் தெரியும். சாவி என் பைக்குள் இருந்தது. அந்த மோட்டாருக்குக் கரண்ட் போக ஒரு வழியும் இல்லை. அது எனக்குத் தெரியும், என் கால்களுக்குத் தெரியவில்லை. ஐஸ் முழங்காலுக்கு மேலே வந்தது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அடியில் அந்த இரும்பு விளிம்பு தட்டுப்பட்டது. செல்வம் அண்ணை நின்ற இடம் இதுவாக இருக்கும், இல்லை இதுவாக இருக்கும் என்று மனம் சொல்லிக்கொண்டே வந்தது. குவியலைச் சுற்றி அந்தப் பக்கம் திரும்பியபோது கதவின் வெளிச்சம் மறைந்தது. எங்கோ மேலே ஏதோ 'டக்' என்றது. ஐஸ் உருகி இளகும் சத்தமாக இருக்கலாம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்தில் உன்னை நினைத்தேன். ஆசுபத்திரியில் நீ என் விரலைப் பிடித்த பிடி நினைவுக்கு வந்தது. கண்ணை மூடாதை என்று நீ சொன்னது நினைவில் வந்ததென்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நின்றேன். பிறகு திறந்தேன். மூலையில் ஒரு உடைந்த பெட்டி. கைவிடப்பட்ட ஒரு கையுறை. வேறு ஒன்றுமில்லை. ஒருவரும் இல்லை.

அப்போதுதான் முகாமையாளரின் குரல் கேட்டது.

"அக்கா! அக்கா! எங்கை நிக்கிறியள்? அக்கா!"

முதலில் அவசரப்படுத்துகிறார் என்று நினைத்தேன். இல்லை. குரல் உடைந்திருந்தது. சந்தையில் கையைவிட்ட பிள்ளை தாயைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். "நிக்கிறன் சேர், வாறன்" என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை. கூப்பிடுவது நிற்கவில்லை.

நான் கதவடிக்கு வந்தபோது அவர் நின்ற கோலத்தை உனக்கு எப்படிச் சொல்ல! பொத்தானுக்கு முதுகைக் கொடுத்து, தகடு முழுவதையும் மறைத்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். எதிரே படகுக்காரர் நாலைந்து பேர். "உந்தப் பொத்தானை அமத்தும் தம்பி, நேரம் போட்டுது" என்று ஒருவர் கையை நீட்ட, இவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். சுவிட்ச் பூட்டிக் கிடப்பதை அவரே பார்த்தவர். சாவி என்னிடம் இருப்பதும் தெரியும். அமத்தினாலும் ஒன்றும் அசையாது. இருந்தாலும் அப்படி நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஒருத்தரும் இல்லை, சேர்," என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார், காலில் வந்து கண் நின்றது. இரண்டு சப்பாத்தும் இருந்தன. "சரியக்கா," என்றார். கையைக் கீழே விட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பூட்டைத் திறந்தேன், சுவிட்சைப் போட்டேன், பெட்டி மறுபடி தன் பெயரை எடுத்துக்கொண்டது. திரும்பி வந்து கதவால் பார்த்துப் பொத்தானை அமத்தினேன். சுருள் ஓடியது. முற்றத்தில் ஐஸ் விழுந்தது. சில படகுகள் பிந்தித்தான் இறங்கின. ஏச்சு நன்றாக வாங்கினேன்.

மத்தியானம் அவர் என் மேசைக்கு வந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார்.

"உந்தப் பொத்தானை எடுக்க வேண்டாமக்கா."

"ஓம், சேர்."

"ஆர் இதை வைச்சது?"

உன் பெயரைச் சொன்னேன். தொழிற்சாலைக்குள் அதைச் சத்தமாகச் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. அவர் அதை ஒருதரம் தன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அவவுக்கும் பயமா இருந்திருக்குமோ?" என்று கேட்டார். பயமே இல்லாத ஆள் என்று இத்தனை வருஷமும் எல்லோரிடமும் உன்னைப்பற்றிச் சொல்லி வந்திருக்கிறேன். "ஓம், சேர். இருந்தது," என்றேன். உன்னைக் காட்டிக்கொடுத்ததுபோல ஒரு கணம் இருந்தது. பிறகு அப்படி இருக்கவில்லை.

இன்றைக்கும் கரண்ட் இரண்டு மூன்று தரம் போய் வந்தது. நான்தான் நடந்தேன். இப்போது முகாமையாளரும் கூட வருகிறார், சொல்லாமலே. கதவுக்குக் கிட்டப் போகும்போது என் வலது கால் உதறத் தொடங்குகிறது. முன்பென்றால் யாரும் காணாமல் அதை மறைப்பேன், நிற்கட்டும் என்று காத்திருப்பேன். இப்போது காத்திருப்பதில்லை. கால் உதறட்டும். உதறும் காலோடேயே கதவைத் திறந்து, புகார் கலையும்வரை நின்று, கண்ணால் மூலை மூலையாகத் தேடி, "ஆராவது நிக்கிறியளே?" என்று கூப்பிட்டு, பதில் வராத அந்த நேரம் முழுவதையும் பொறுத்திருந்து, அதற்குப் பிறகுதான் கையை வைக்கிறேன்.